ஐந்தடிக்கும் குறைந்த உயரம்: பழைய பைக் வாங்கினால் 100 சி.சி.யா, 125-ஆ, 160-ஆ?

கேள்வி – குலசேகரத்திலிருந்து

வணக்கம். என் உயரம் 150 செ.மீ., எடை 46 கிலோ. குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு இருக்கிறது. நாகர்கோவிலில் வேலை, ஒரு வழிக்கு ஏறக்குறைய 30 கி.மீ. இதுவரை ஸ்கூட்டரில் போய்வந்தேன். மழைக்காலத்தில் குழி எது, வெறும் தண்ணீர் எது என்று தெரியாத சாலையில் அதன் சிறிய முன்சக்கரம் இரண்டு முறை மடங்கிவிட்டதால், பெரிய சக்கரம் உள்ள பைக்குக்கு மாறலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கியர் வண்டிக்கான உரிமம் எடுத்துவிட்டேன். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது.

100 சி.சி. ஸ்பிளெண்டர் போதும் என்கிறார் மாமா. இருக்கை தாழ்வாக இருப்பதால் அவெஞ்சர் 160-தான் உனக்குச் சரி என்கிறான் தம்பி. மார்த்தாண்டத்தில் ஒருவர் 2020-ஆம் ஆண்டின் ஷைன் 125 விற்கிறார். களியக்காவிளைப் பக்கம் கேரளப் பதிவெண் கொண்ட வண்டி ஒன்றும் விலை குறைவாக வந்திருக்கிறது. இரண்டு காலும் முழுமையாக ஊன்றாத வண்டியை நான் எடுக்கலாமா? பழைய வண்டியில் எதை எல்லாம் பார்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் – தக்கலை, பட்டறை வைத்திருப்பவர்

தங்கச்சி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: இன்ஜின் அளவுக்கும் இருக்கை உயரத்துக்கும் தொடர்பே கிடையாது. ஸ்பிளெண்டரின் இருக்கை 785 மி.மீ., ஷைனுடையது 791 மி.மீ.; ‘சின்ன வண்டி’ என்று எல்லோரும் சொல்லும் பிளாட்டினாவோ 800-ஐத் தாண்டும். ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. மீட்டியருக்கு 765 மி.மீ.தான், ஆனால் அதன் எடை 191 கிலோ. ஆகையால் உயரத்தை மட்டும் பார்த்து வாங்குபவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். மீதிப் பாதி, இன்ஜின் நின்றுபோன வண்டியை ஏற்றத்தில் உங்களால் பின்னுக்குத் தள்ள முடியுமா என்பது. ஸ்பிளெண்டர் 112 கிலோ, ஷைன் 114 கிலோ, அவெஞ்சர் 160 ஏறக்குறைய 156 கிலோ. உங்கள் எடைக்கு அந்த 40 கிலோ வித்தியாசம் மிகப் பெரியது.

இரண்டு காலும் முழுதாக ஊன்ற வேண்டியதில்லை. பின்பிரேக் மிதி வலப்பக்கம் இருப்பதால், ஏற்றத்தில் நிற்கும்போது வலக்கால் மிதியில்தான் இருக்கும். தரையில் நிற்பது இடக்கால் மட்டுமே. இடுப்பை இருக்கையில் சற்றே இடப்பக்கம் நகர்த்தி, இடக்காலின் பாதம் முழுதும் தரையில் படிகிறதா என்று பாருங்கள். அது படிந்தால் அந்த வண்டி உங்களுக்கு ஆகும். ஓட்டும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டே பாருங்கள்.

உங்களைப் போன்று எடை குறைந்தவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஷாக் அமுங்கி வண்டி தாழும். நீங்கள் உட்கார்ந்தால் அந்த அளவு தாழாது. பின்ஷாக்கின் ஸ்பிரிங் அடியில் படிபடியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும், அதை மிகத் தளர்ந்த படிக்குத் திருப்பிவிட்டால் கொஞ்சம் இறங்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் சீட் தைக்கும் கடையில் ஸ்பாஞ்சை 2 செ.மீ. சீவி, தொடை படும் இரண்டு ஓரங்களையும் ஒடுக்கித் தரச் சொல்லலாம். இருக்கையின் அகலம் குறைந்தாலே கால் நேராக இறங்கும். குட்டையான ஷாக் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்: வேகத்தடையில் அடி தட்டும், சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி செங்குத்தாக நின்று வலப்பக்கம் சாய்ந்துவிடும்.

இனி இன்ஜின். நாகர்கோவில் வரை தனியாகப் போக 100 சி.சி. தாராளம். ஆனால் உங்கள் வீட்டுப் பக்கத்து ஏற்றத்தில், பின்னால் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு பாதியில் நின்று மறுபடி கிளப்ப வேண்டி வந்தால், 100 சி.சி.யில் கிளட்சை நெடுநேரம் பாதியில் பிடித்து இழுக்க நேரும். ஸ்பிளெண்டரின் இழுவை (டார்க்) சுமார் 8 நியூட்டன் மீட்டர், ஷைனுக்கு ஏறக்குறைய 11. எடை இரண்டு கிலோதான் கூடுகிறது, இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. என் கருத்தில் உங்களுக்கு 125 போதும். அதற்குமேல் போக வேண்டாம்.

வண்டி பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜின்மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பாத வண்டியை உங்களுக்குக் காட்டுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். கிளப்பி ஆக்சிலேட்டரை முறுக்கும்போது சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர் செலவு காத்திருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடிக்க, முன்சக்கரம் தரையைவிட்டு எழுந்ததும் ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், போயிருக்கிறது. பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பின்னோக்கி இழுத்து, பல் பாதி தெரிந்தால் செயின் செட் மாற்ற வேண்டும்.

நம் மாவட்டத்துக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் நின்ற வண்டிகள் மேலே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அரித்திருக்கும். சீட்டைக் கழற்றி பேட்டரிப் பெட்டியின் அடியையும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் நகத்தை ஓட்டுங்கள். ஊசிமுனை அளவு துருப்புள்ளி தட்டுப்பட்டால் ஆயில் சீல் எத்தனை முறை மாற்றினாலும் கிழிந்துகொண்டே இருக்கும். நான் அப்படி ஒரு வண்டிக்கு ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை சீல் போட்டிருக்கிறேன்.

பதில் – கருங்கலிலிருந்து

தங்கையே, நான் 153 செ.மீ., நான்கு ஆண்டுகளாக அவெஞ்சர் 160 ஓட்டுகிறேன். உங்கள் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது: 737 மி.மீ. இருக்கையில் எனக்கு இரண்டு பாதமும் தரையில் படிகின்றன, ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதக் காற்று பக்கவாட்டில் அறையும்போது அந்த எடை துணையாக நிற்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளை ஏன் வைத்தார்கள் என்பது அங்கே இருசக்கர வண்டி ஓட்டுபவருக்குத்தான் நன்றாகத் தெரியும். திருநெல்வேலிக்கு அடிக்கடி போகிறவராக இருந்தால் நானே இதை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்கள் பாதை வேறு. பேச்சிப்பாறைச் சாலையில் ஒரு வளைவில் எதிரே பேருந்து வந்ததால் நான் ஓரம் ஒதுங்கி இடக்காலை ஊன்றினேன். தார் முடிந்த இடத்தில் மண் ஒரு சாண் தாழ்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கால் காற்றில் துழாவ, 156 கிலோவும் என்மேல் சாய்ந்தது. நல்லவேளையாகக் காலை உருவிக்கொண்டேன், ஆனால் தனியாளாக வண்டியைத் தூக்க முடியாமல், பால் எடுக்க வந்த இரண்டு பேர் உதவும்வரை அந்த மழையில் நின்றேன். பிறகுதான் முறையைக் கற்றுக்கொண்டேன்: இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டுவிட்டு, இருக்கைக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் காலால் உந்திப் பின்னோக்கிச் சிறு அடிகளாக வைக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும்.

இன்னொன்று, அவெஞ்சரின் நீளம். ஒடுங்கிய தோட்டப்பாதையில் அதை ஒரே வீச்சில் திருப்ப முடியாது. முன்னும் பின்னும் தள்ளித்தான் திருப்ப வேண்டும். காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அது பெரும்பாடு.

பதில் – களியக்காவிளையிலிருந்து

கேரளப் பதிவெண் வண்டியின் குறைந்த விலையில் மயங்க வேண்டாம். அங்குள்ள அலுவலகத்தில் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்டி, நம் பகுதிக்கான டி.என். 75 எண்ணுக்கு மாற்ற வேண்டும். இங்கேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கப்போகும் வண்டிக்கு இது சட்டப்படி கட்டாயம். சான்று கைக்கு வருமுன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். உள்ளூர் வண்டியானாலும் ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் இல்லாமல் கைமாற்றம் நடக்காது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை உங்கள் முன்னிலையில் வாங்குங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது என்பதையும் காப்பீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல்: 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.-உம், அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்குக் குறைந்தது இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ்.-உம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயின. மழை நிறைந்த நம் ஊரில் அதற்கு முந்தைய வண்டியை நான் எடுக்கமாட்டேன்.

கேட்டவர் – குலசேகரம்

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாமாவுடன் மார்த்தாண்டம் போய் ஷைனைப் பார்த்தேன். இன்ஜின் குளிர்ந்திருந்தது, புகை இல்லை, ஃபோர்க்கில் நகம் எங்கும் தட்டவில்லை. இடுப்பை நகர்த்தியபோது இடப்பாதம் முழுதும் படிந்தது. விற்பவரின் வீட்டு முன்னிருந்த சரிவில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னுக்குத் தள்ளினேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் தள்ளிவிட்டேன். கோன்செட் மட்டும் நடுவில் லேசாகச் சிக்குகிறது. கிளட்ச் பிடி என் கைக்கு மிகக் கடினமாகவும் இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

பதில் – தக்கலை, பட்டறை வைத்திருப்பவர்

கிளட்ச் கேபிள் உள்ளே காய்ந்திருக்கும். புதுக் கேபிள் போட்டால் பாதிக் கடினம் போய்விடும், செலவும் அதிகமில்லை. கோன்செட் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்; குறைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றாமல் மட்டும் மழையில் ஓட்ட வேண்டாம்.