யூதா காலியா கெடந்துச்சா? 4,600 கணக்கு பஞ்சாயத்து

மேல்கரை:
நேத்து இன்னொரு திரியில ஒருத்தர் அடிச்சு விட்டிருந்தார். "நேபுகாத்நேச்சார் வந்தான், எருசலேமை எரிச்சான், மொத்த யூதாவையும் பாபிலோனுக்கு வாரிட்டுப் போனான், 70 வருஷம் அங்க ஈ காக்கா கிடையாது"ன்னு. படிச்சதுல இருந்து மண்டை காயுது. எரேமியா புஸ்தகத்துல கடைசி அதிகாரத்தை யாருமே தொறக்க மாட்டீங்களா? 52ல கணக்கப்பிள்ளை மாதிரி எழுதி வச்சிருக்கு: பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரோட ஏழாம் வருஷம் 3,023 பேர், பதினெட்டாம் வருஷம் 832, இருபத்து மூணாம் வருஷம் 745. கூட்டுத்தொகையையும் அவங்களே போட்டுட்டாங்க, 4,600. ஒரு நாடே 4,600 பேர்தானா? மிச்ச சனம் எங்க போச்சு?

பனையோலை:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், எதுக்கு ஒளிஞ்சு நின்னு கல்லெறியணும். 2 இராஜாக்கள் 24:14 வாசிங்க, பத்தாயிரம் பேர். அதுவும் யூதா ராஜா எகோனியா சிறை போன கி.மு. 597ல மட்டும். கொல்லர் தச்சர் வரைக்கும் விடல. ரெண்டு கணக்கு இருக்கும்போது சின்னதை மட்டும் பொறுக்கிட்டு வந்து 4,600, 4,600ன்னு தம்பட்டம் அடிக்கிறீங்க.

மேல்கரை:
சரி, 10,000ன்னே வச்சுக்குவோம். அதே 14ஆம் வசனம் எப்படி முடியுது? தேசத்து ஏழைகளைத் தவிர யாரும் மிஞ்சலன்னு. அப்ப ஏழை உங்க கணக்குல ஆளே இல்ல, அப்படித்தானே? எரிச்சலே எனக்கு அங்கதான். கையில ஒண்ணுமில்லாத சனத்துக்கு பாபிலோன் படைத்தலைவன் நேபுசராதான் திராட்சத்தோட்டமும் வயலும் கொடுத்தான்னு எரேமியா 39:10 சொல்லுது. நேத்து வரை அடுத்தவன் தோட்டத்துல கிடந்தவன் அன்னைக்குத்தான் தன் வரப்புல நின்னிருப்பான். மோவாப், அம்மோன், ஏதோம்னு ஓடிப்போனவங்க கூட திரும்பி வந்து, மிஸ்பாவுல பாபிலோன் வச்ச அதிகாரி கெதலியா கிட்ட சேர்ந்து, திராட்சரசமும் பழமும் ஏராளமா சேர்த்தாங்கன்னு 40:12. காலி நாட்டுல பழம் பறிச்சது பேயா?

ராத்திரிக்குருவி:
"காலி"ன்னா என்ன, யூதான்னா எருசலேம் மட்டுமா சுத்துப்பட்டு எல்லாமா, 4,600 ஆம்பளைங்க மட்டுமா குடும்பத்தோடயா, இதை முடிவு பண்ணிட்டு அடிச்சுக்கலாமே 🙏

பனையோலை:
4,600 ஆம்பளைங்க மட்டும்தான். பொண்டாட்டி புள்ளைங்களைச் சேர்த்தா பல மடங்கு ஆகும். இது கூட தெரியாம ஒரு திரி.

மேல்கரை:
எங்க எழுதியிருக்கு? வசனத்தைப் போடுங்க. எபிரேய மூலத்துல 'நெபெஷ்'னு இருக்கு, உயிர், ஆத்துமா. பொம்பளைக்கு ஆத்துமா இல்லையா? 4,600 ஆத்துமா. அவ்வளவுதான்.

சீயோன்வாசல்:
பிரதர்ஸ், வேதத்தை வச்சு இப்படி கூட்டல் கழித்தல் போடுறது வேதனையா இருக்கு. தேசம் 70 வருஷம் பாழாக் கிடந்து ஓய்வு அனுபவிச்சதுன்னு 2 நாளாகமம் 36:21 தெளிவா சொல்லுது. எரேமியா 24ஆம் அதிகாரத்துல தரிசனமா ரெண்டு கூடை அத்திப்பழம். சிறை போனவங்க நல்ல பழம், மிஞ்சினவங்க வாயில வைக்க முடியாத கெட்ட பழம். கெட்டுப்போன பழத்துக்கு மேல்கரை பிரதர் ஏன் இவ்வளவு வக்காலத்து வாங்குறார்?

மேல்கரை:
அந்த தரிசனம் யூதாவோட கடைசி ராஜா சிதேக்கியா ஆட்சியில, எருசலேம் விழறதுக்கு முன்னாடி. கெட்ட பழம்னு முதல்ல சொல்றது அவனையும் பிரபுக்களையும். ஏழைக் குடியானவனை இல்ல.

சீயோன்வாசல்:
தேசத்தில் மீதியா இருக்கிறவங்கன்னும் அதே 24:8ல இருக்கு பிரதர். பாதி வசனம் வாசிக்கிற பழக்கம் உங்களுக்குப் புதுசு இல்ல. போன வருஷம் யோனா திரியிலயும் இதே வேலைதான்.

மேல்கரை:
யோனாவை ஏன் இழுக்குறீங்க, அங்க பதில் சொல்ல முடியாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். விஷயத்துக்கு வாங்க. ராமாவுல விலங்கைக் கழட்டி விட்டு, "பாபிலோனுக்கு வர்றியா, நல்லா பாத்துக்கிறேன், இல்ல இஷ்டப்பட்ட எடத்துக்குப் போ"ன்னு நேபுசராதான் எரேமியாகிட்டயே கேட்டான். நல்ல கூடைக்குப் போக வழி இருந்தும் அந்த மனுஷன் கெட்ட கூடைக்குத்தான் வந்து உக்காந்தார். ஏன்? அங்க சனம் இருந்துச்சு.

பனையோலை:
வெகுமதி வாங்கிட்டு 😂 40:5 பாருங்க, வழிச்செலவும் வெகுமதியும் கொடுத்தனுப்பினான். ஊரை எரிச்சவன் கையால கவர்.

மேல்கரை:
காவல் முற்றத்துல தினம் ஒரு அப்பம் தின்னுட்டு கிடந்து, அப்புறம் சேத்துக்குழியிலயும் இறக்கப்பட்டவருக்கு நாலு வேளைச் சோறு கொடுத்தா அது கவரா? அவரை குழியில போட்டது பாபிலோன்காரன் இல்ல, சொந்த ஊர் பிரபுக்கள். இதை வச்சுத் திசை திருப்பாதீங்க. 4,600க்கு பதில் எங்க?

பனையோலை:
இந்தாங்க பதில். யூதா ராஜவம்சத்து இஸ்மவேல் போய் கெதலியாவை வெட்டினான். பாபிலோனுக்குப் பயந்து யூதா படைத்தலைவன் யோகனான் மீதி இருந்த எல்லாரையும் கூட்டிட்டு எகிப்துக்கு ஓடினான், எரேமியாவையும் அவரோட எழுத்தர் பாருக்கையும் சேர்த்து. 43:5, 6. "எல்லாரையும்." 44:2ல பட்டணமெல்லாம் பாழ், குடியிருக்க ஆளில்லைன்னு எரேமியாவே சொல்றார். இப்ப நாடு காலியா இல்லையா? கடைய சாத்துங்க.

மேல்கரை:
சாத்த மாட்டேன். எல்லாரும் எகிப்துக்குப் போயாச்சுன்னா, பதினெட்டாம் வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சு அதே நேபுசராதான் வந்து 745 பேரை எங்க இருந்து பிடிச்சான்? மண்ணுல இருந்து முளைச்சாங்களா? புலம்பல் 5:4 வாசிங்க, எங்க தண்ணிய நாங்க காசு கொடுத்துக் குடிக்கிறோம், எங்க விறகு எங்களுக்கே விலைக்கு வருதுன்னு. பாபிலோன்ல உக்காந்தவன் இப்படி அழ மாட்டான். கெதலியா செத்த மறுநாள் சீகேம், சீலோ, சமாரியாவுல இருந்து தாடியை மழிச்சுக்கிட்டு காணிக்கையோட 80 பேர் நடந்து வந்தாங்க. இஸ்மவேல் வெட்டிக் குழியில தள்ளினான். அதுல பத்து பேர் தப்பிச்சது எப்படித் தெரியுமா? "வயல்ல கோதுமை, வாற்கோதுமை, எண்ணெய், தேன் ஒளிச்சு வச்சிருக்கோம், கொல்லாதே"ன்னு சொல்லி. நாடு காலின்னு நீங்க சொல்ற அதே காலத்துல இது.

பனையோலை:
கெதலியா கொலை ஏழாம் மாசம்னு மட்டும்தான் 41:1ல இருக்கு, வருஷமே இல்ல. அது 23ஆம் வருஷமா இருந்தா அந்த 745 பேரும் அந்தக் கொலைக்கு தண்டனையா போனவங்க. உங்க அஞ்சு வருஷக் கணக்கு காலி. நாடு மாதிரியே.

மேல்கரை:
"இருந்தா." இருந்தா சித்தப்பா. 745ஐ எங்க வச்சாலும் 4,600 மாறாது. மண்ணைத் தோண்டியும் பாத்தாச்சு. எருசலேமுக்கு வடக்கே 12 கிலோமீட்டர், தெல் என்-நஸ்பே, அதுதான் மிஸ்பான்னு பெரும்பாலானவங்க சொல்ற மேடு. 1926ல ஆரம்பிச்சு தோண்டினாங்க. எருசலேம்ல கெடைக்கிற அந்த எரிஞ்ச சாம்பல் அடுக்கு இங்க இல்ல. 1932ல ஒரு கல்லறையில முத்திரைக்கல்லு கெடைச்சுது, "ராஜாவின் ஊழியக்காரன் யசனியா"ன்னு பேர், கீழ ஒரு சண்டைச்சேவல். கெதலியாகிட்ட வந்த தலைவருங்கள்ல யசனியான்னு ஒருத்தன் 2 இராஜாக்கள் 25:23ல இருக்கான்.

ராத்திரிக்குருவி:
சேவலா? யூதாவுல அப்பவே சேவக்கட்டு இருந்துச்சா? 🐓

சீயோன்வாசல்:
தேவ ஜனங்க மேல சேவக்கட்டுன்னு பழி போட வேண்டாம் பிரதர். அது வேற ஏதாவது பறவையா இருக்கும்.

மேல்கரை:
கொண்டை, வால், சண்டைக்கு நிக்கிற நிலை, சேவல்தான்யா. படத்தைத் தேடிப் பாருங்க.

பனையோலை:
பேர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா? எரேமியா காலத்துல யசனியான்னு எத்தனை பேரோ. ஒரு சேவலைக் காட்டி நாட்டுல சனம் இருந்துச்சுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான் 😂

மேல்கரை:
சேவலை விடுங்க. 4,600. பதில்.

பனையோலை:
10,000. 24:14.

மேல்கரை:
அதே வசனத்தோட கடைசி வரி. ஏழைகள். நாலாவது தடவையா கேக்குறேன், அவங்க ஆளுங்களா இல்லையா?

சீயோன்வாசல்:
முதல்ல யோனா திரிக்கு வந்து அந்த பதிலைச் சொல்லுங்க பிரதர், அப்புறம் மத்தவங்களைக் கேக்கலாம்.