இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் செம்பருத்தி வாடுகிறது, கலேடியம் கருகுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி – வேளச்சேரி, சென்னை

வணக்கம். மொட்டை மாடியில் மேற்கு வெயில் படும் மூலையில் தொட்டிச் செடிகள் வைத்திருக்கிறேன். ஹைபிரிட் செம்பருத்தி இரண்டு, குரோட்டன், கலேடியம், ஒரு ஆந்தூரியம். எல்லாம் பிப்ரவரியில் நர்சரியில் வாங்கியவை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, 10 அங்குலம். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம், செம்மண் மூன்றும் கலந்து, கவரைப் பிரித்து மண் கட்டியோடு அப்படியே நட்டேன்.

மார்ச் வரை நன்றாக இருந்தன. கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து செம்பருத்தி தொங்குகிறது, மொட்டெல்லாம் விரியாமலே உதிர்கிறது, அடி இலை மஞ்சளாகிறது. கலேடியம் இலையில் நடுவில் திட்டுத் திட்டாகக் காய்ந்து, தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. ஆந்தூரியத்துக்கு நுனி மட்டும் கருகல். காலை, மாலை இரண்டு வேளையும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். மேல் மண் எப்போதும் ஈரம்தான். தண்ணீர் அதிகமா, குறைவா என்றே புரியவில்லை. ஆசையாக வாங்கிய செடிகள், தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் – மதுரை

அக்கா, செம்பருத்தி எந்த நேரத்தில் தொங்குகிறது? மதியம் தொங்கி, பொழுது சாய்ந்ததும் தானாக நிமிர்ந்தால் அது வெயிலின் வேலை. இலை வெளியே விடும் வேகத்துக்கு வேரால் நீர் எடுத்துக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். விடிகாலையிலேயே தொங்கிக் கிடந்தால் கோளாறு வேரில் இருக்கிறது. மதியம் வாடியதைப் பார்த்துப் பதறி இன்னொரு குடம் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இப்போதுதான் கவனித்துப் பார்த்தேன் தம்பி. இரண்டு செம்பருத்தியுமே காலையிலும் தொங்கித்தான் இருக்கின்றன.

பதில் – செங்குன்றம், நர்சரி வேலையில் இருப்பவன்

அம்மா, "மண் கட்டியோடு அப்படியே நட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பார்க்க வேண்டும். சென்னைக்கு வரும் அலங்காரச் செடிகள் நிறைய ஆந்திராவின் கடியத்திலிருந்து, ராஜமுந்திரிக்குப் பக்கத்திலிருந்து, லாரியில் வருகின்றன. வேரைச் சுற்றி இருப்பது இறுகிய களிமண். அவர்களுக்கு அது சரியான மண்தான்: வழியில் குலுங்கி உடையாது, ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் அந்தக் கட்டியைப் பொலபொலப்பான கோகோபீட் கலவைக்குள் இறக்கினால் ஒரே தொட்டியில் இரண்டு மண் ஆகிவிடுகிறது. ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள கலவை வழியாக இறங்கி, அடி ஓட்டையில் வழிந்துவிடும். வழிந்ததைப் பார்த்து நாமும் போதும் என்று நிறுத்திவிடுவோம். வேர் இருப்பதோ நடுக்கட்டியில். அது ஒருமுறை காய்ந்து சுருங்கிவிட்டால் பிறகு சுலபத்தில் தண்ணீர் குடிக்காது.

மேல் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தண்டுக்கு ஒட்டி ஒரு மூங்கில் குச்சியை 4 அங்குலம் இறக்குங்கள். இறங்கவே மறுத்தாலோ, தூசியாக வந்தாலோ கட்டி காய்ந்திருக்கிறது. வழுக்கிக்கொண்டு இறங்கி, எடுத்து முகர்ந்தால் சாக்கடை வாடை வந்தால் அது வேரழுகல். இரண்டுக்கும் மேலே தெரியும் அறிகுறி ஒன்றுதான், வைத்தியம் நேர் எதிர். அதனால் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று சாயங்காலம் பார்த்தேன் ஐயா. ஒரு செம்பருத்தியில் குச்சி இறங்கவே இல்லை. மெதுவாகத் தொட்டியைச் சாய்த்து எடுத்தால், வெளிக்கலவை நல்ல ஈரம், நடுவில் அந்தக் கட்டி வெளிறிப்போய் அப்படியே இருக்கிறது. இன்னொன்றில் நீங்கள் சொன்ன வாடை. அடி வேர் பழுப்பாக இருக்கிறது, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வருகிறது. அந்தத் தொட்டி தட்டையாகத் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது, ஓட்டைகள் அடைந்து போயிருக்கின்றன.

பதில் – செங்குன்றம், நர்சரி வேலையில் இருப்பவன்

காய்ந்த செடிக்கு: வெயில் இறங்கிய பிறகு தொட்டியோடு தூக்கி ஒரு பெரிய டப்பில் வையுங்கள். டப்புத் தண்ணீர் தொட்டி விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே நிற்கட்டும். குமிழி வருவது நிற்கும் வரை, அரை மணி நேரமோ கூடவோ, விட்டு எடுத்து முழுக்க வடியவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் கட்டி இளகும். ஊறிய கட்டியில் பழைய ஸ்க்ரூ டிரைவரால் நான்கைந்து இடத்தில் மெதுவாகத் துளை போட்டுவிடுங்கள், இனி ஊற்றும் தண்ணீர் உள்ளே போகும். கட்டியை உடைத்து மறுநடவு செய்வது இப்போது வேண்டவே வேண்டாம். இந்த வெயிலில் சல்லி வேர் அறுந்தால் செடி மீளாது. ஆடியில் நாலு மழை விழுந்த பிறகு கட்டியில் மூன்றில் ஒரு பங்கைக் கழுவி எடுத்து மாற்றி நடலாம்.

அழுகிய செடிக்குக் காத்திருக்க முடியாது. பழுப்பு வேரையெல்லாம் வெட்டுங்கள், வெள்ளை வேரை விடுங்கள். மிஞ்சிய வேர் அளவுக்குச் சின்னத் தொட்டி, ஆற்று மணலோ எம்சாண்டோ கூட்டிய புதுக் கலவை. மேலே கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்து நிழலில் வையுங்கள். வெட்டிய கிளையில் பென்சில் கனக் குச்சி இருந்தால் பதியனுக்கும் வையுங்கள், தாய்ச்செடி போனாலும் ரகம் கையில் இருக்கும்.

எல்லாத் தொட்டிக்கும் அடியில் செங்கல் துண்டு கொடுங்கள். தண்ணீரும் வடியும், தளத்துச் சூடும் நேராக ஏறாது.

பதில் – கோயம்புத்தூர்

மற்ற செடிகளைப் பற்றி நான் சொல்கிறேன். வெப்பமண்டலச் செடி என்றால் வெயில் தாங்கும் என்று நிறைய பேர் நினைத்துக்கொள்கிறார்கள். கலேடியமும் ஆந்தூரியமும் தென் அமெரிக்கக் காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்பவை. மேற்கு வெயிலை அவற்றால் தாங்கவே முடியாது, 50 சதவீத நிழல்வலை போட்டாலும் அந்த மூலையில் சிரமம்தான். கிழக்குச் சுவர் ஓரமாகவோ படிக்கட்டு வெளிச்சத்திலோ வையுங்கள். கலேடியம் முழுக்கக் காய்ந்துபோனாலும் தூக்கிப் போடாதீர்கள், கிழங்கு கெட்டியாக இருந்தால் மறுபடி துளிர்க்கும். செம்பருத்திக்குக் காலை வெயில் நாலைந்து மணி நேரம் வேண்டும், மதியத்துக்கு மேல் நிழல் போதும். குரோட்டனை உள்ளே கொண்டுபோனால் நிறம் வெளிறும், அதற்கும் காலை வெயில் கொடுங்கள்.

கறுப்புத் தொட்டி பெரிய எதிரி. வெயில் நேராகப் படும் பக்கத்தில் உள்ளே மண் 40 டிகிரியைத் தாண்டிவிடும், அந்தப் பக்க வேர் செத்துவிடும். வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது ஈரச் சாக்கு சுற்றுங்கள்.

ஆந்தூரியம் நுனிக் கருகலுக்குப் போர் தண்ணீர் உப்புதான் காரணமாக இருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிகிறதா பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைப் பிடித்து ஊற்றுங்கள். ஆர்ஓ கழிவு நீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

கேள்வி கேட்டவர்

விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறது! இன்றே ஏசி குழாயடியில் வாளி வைத்துவிட்டேன். காய்ந்த செம்பருத்தியை ஊறவைத்ததில் இன்று காலை இலை நிமிர்ந்திருக்கிறது. மனசுக்கு அவ்வளவு சந்தோஷம், எல்லோருக்கும் நன்றி. தெம்புக்குக் கடலைப்புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஊற்றலாமா?

பதில் – செங்குன்றம், நர்சரி வேலையில் இருப்பவன்

இப்போது வேண்டாம் அம்மா. வேர் தேறாமல் உரம் கொடுத்தால் அதுவே சுமை. புதுத் தளிர் வந்து இலை விரியட்டும், அப்புறம் நன்றாக நீர்க்கக் கலந்து சாயங்காலத்தில் ஊற்றுங்கள். அதுவரை மொட்டு வந்தால் கிள்ளி விட்டுவிடுங்கள். உதிர்ந்த மொட்டு ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துத் தட்டிப் பாருங்கள். நூல் மாதிரி மெல்லிசாக ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இல்லாத நேரத்தில் தெளியுங்கள்.