அக்டோபர் அட்லாண்டிக்: அலை உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன்–நியூயார்க் பாதையில் இலையுதிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றுதான் ராஜா. மேற்கே போகும் கப்பலுக்கு அது எதிர்காற்று. கப்பல் டிவியில் காற்று 40 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) என்று ஓடினால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது தளத்தில் நிற்பவர் முகத்தில் அடிக்கும் காற்று: கப்பலின் வேகம் 20, எதிர்காற்று 20, இரண்டும் சேர்ந்து 40. உண்மைக் காற்று 34 நாட்டைத் தொட்டால்தான் காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை சொல்லும் போஃபோர்ட் அளவில் 8. அலைக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னறிவிப்பில் வரும் "4 மீட்டர்" என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையில் ஒன்றிரண்டு 7, 8 மீட்டரில் வரும். அதில் அதிசயம் இல்லை.

————

மேலே சொன்னது சரி. ஆனால் உயரத்தைவிட நொடிக் கணக்கு முக்கியம் சார். ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் வேண்டுமானால், இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நொடியை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 1.56-ஆல் பெருக்குங்கள். 8 நொடி அலை சுமார் 100 மீட்டர் நீளம். 300 மீட்டர் கப்பலின் அடியில் மூன்று அலைகள் ஒரே நேரத்தில் கிடக்கும். கப்பல் லேசாக அதிரும், அவ்வளவுதான். 14 நொடி அலை 300 மீட்டரைத் தாண்டும். அது கப்பலை அப்படியே தூக்கி இறக்கும். ஆகவே 4 மீட்டர் 8 நொடியைவிட 3 மீட்டர் 14 நொடிதான் வயிற்றைக் கலக்கும். "பெரிய கப்பல், ஆடாது" என்று டிக்கெட் விற்பவர்கள் சொல்வது குட்டை அலைக்கு மட்டும் பொருந்தும்.

இந்த நீண்ட அலை தொலைதூரப் புயலிலிருந்து வருவது. வானம் வெளுத்திருக்கும், காற்றே இருக்காது, கப்பல் மட்டும் ஊஞ்சலாடும். அட்லாண்டிக் புயல் பருவம் நவம்பர் 30 வரை. வடக்கே வளைந்து வரும் சூறாவளிகள் குளிர்ந்த பகுதிக்குள் நுழைந்ததும் பரப்பில் விரிந்துவிடும். 1995 செப்டம்பர் 11 அன்று லூயிஸ் சூறாவளியின் கடலில் குயின் எலிசபெத் 2 கப்பல் சுமார் 29 மீட்டர் அலையைச் சந்தித்தது. இன்று முன்னறிவிப்பு பார்த்துப் பாதையை மாற்றிவிடுகிறார்கள். அதற்குத் தேவை கையிருப்பு வேகம். இந்தப் பாதையில் ஓடும் குயின் மேரி 2 ஏழு இரவுகளில் கடக்கச் சராசரி 19 நாட் போதும், ஆனால் 30 வரை ஓடக்கூடியது. சாதாரண குரூஸ் கப்பலுக்கு 22க்கு மேல் அவ்வளவாக மிச்சமில்லை.

————

ஸ்டெபிலைசர் துடுப்புகளை நம்பி அணியத்துப் பக்கம் (கப்பலின் முன்பகுதி) அறை எடுக்கிறவர்களுக்கு: அந்தத் துடுப்பு பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். அணியமும் அமரமும் (பின்பகுதி) மாறி மாறி ஏறி இறங்குவதை அது ஒன்றும் செய்யாது. வேகம் குறைந்தால் துடுப்பின் பலமும் குறையும். நடுக்கப்பல், கீழ்த்தளம், இதுதான் கணக்கு. மேல்தளத்து முன்மூலை அறை பார்க்க அழகு, படுக்கத் தண்டனை.

லிஃப்ட் அருகே வாந்திப் பைகள் முளைத்தால், நீச்சல் குளத்தை வடித்து வலை கட்டினால், ஆட்டம் தொடங்க இன்னும் சில மணி நேரம்தான். பாட்டில்களைத் தரையில் வையுங்கள், அலமாரிக் கதவைத் தாழிடுங்கள். கதவு நிலையில் விரல் வைக்கவே வேண்டாம். கப்பல் சாயும்போது அந்தக் கனத்த கதவு அடித்தால் விரல் நசுங்கும். குமட்டல் மாத்திரை ஆடத் தொடங்கிய பிறகு பெரிதாக வேலை செய்யாது. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், காதுக்குப் பின் ஒட்டும் பட்டை என்றால் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பு. எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

————

ஆட்டமே வேண்டாம் என்பவர்கள் பார்சிலோனாவிலிருந்து மடெய்ரா, கேனரி தீவுகள் வழியாக ஃப்ளோரிடா போகும் தெற்குப் பாதையைப் பாருங்கள். கேனரியைத் தாண்டினால் வடகிழக்கு வணிகக் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஒரே தொல்லை, கப்பலும் காற்றும் ஒரே வேகத்தில் போனால் தளத்தில் காற்றே அசையாது. புழுக்கம், புகைபோக்கிப் புகை தலைக்கு மேலேயே நிற்கும், பின்தள நாற்காலிகளில் கரி விழும்.

————

கடிகாரம் பற்றி ஒரு வரி: நியூயார்க் போகும்போது வழக்கமாக ஐந்து இரவுகள் ஒவ்வொரு மணி நேரம் கூடுதல் தூக்கம். பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் நேரத்தை மாற்றுவதால், இடைப்பட்ட வாரத்தில் வித்தியாசம் நான்கு மணி நேரம்தான். அந்த வாரத்தில் இறங்கி விமானம் பிடிப்பவர்கள் கைபேசியை நம்பாமல் கப்பல் அறிவிப்பைப் பாருங்கள்.