தொடைக் கம்பி ஏழாம் மாதம் உடைந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மலைக்கோட்டை வாசி:
2019 மார்ச்சில் பைக் விபத்து. வலது தொடை எலும்பு முழங்காலுக்கு அரைச் சாண் மேலே முறிந்தது. உள்ளே நீளக் கம்பி விட்டு, மேலே இரண்டு, கீழே இரண்டு ஸ்க்ரூ போட்டார்கள். மூன்றாம் மாதம் ஊன்றி நடந்தேன், ஐந்தாம் மாதம் வேலைக்கே போனேன். ஏழாம் மாதம் ஒருநாள் காலையில் எழுந்தால் காலைக் கீழே வைக்க முடியவில்லை. விழவும் இல்லை, இடிக்கவும் இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால் கம்பி இரண்டாக நிற்கிறது. கம்பியில் ஸ்க்ரூ போகும் கீழ்ப்பக்கத்து இரண்டு துளைகளில் மேலே இருப்பது வழியாக அறுந்திருந்தது.

"மட்டமான கம்பியை வைத்துவிட்டார்கள்" என்று வீட்டில் ஒரே பேச்சு. நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டாம் ஆபரேஷனில் எடுத்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஏன் சரியாக அந்தத் துளையில்? இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேத் பட்டறை, கோவை:
சார், நான் ஆறு வருடம் இம்ப்ளாண்ட் (உடம்புக்குள் வைக்கும் கம்பி, ஸ்க்ரூ) செய்யும் இடத்தில் மெஷினில் நின்றவன். கம்பியில் துளை போட்ட இடத்தில் பாரம் தாங்க மிஞ்சுவது இரண்டு ஓரத்துச் சுவர் மட்டும்தான். வளையும்போது இழுவிசை முழுக்க அந்த ஓரத்தில் குவியும். உங்கள் முறிவு அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, அதனால் எலும்பு தாங்க வேண்டியதையும் அந்த இடமே தாங்கியிருக்கிறது. நாளுக்கு 2,500 தடவை அந்தக் காலை ஊன்றினீர்கள் என்று வையுங்கள், 200 நாளில் 5 லட்சம் தடவை. கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதேதான். உலோகம் நல்லதாக இருந்தாலும் ஒடியும்.

நாங்கள் அதிகம் மெனக்கெட்டது துளையின் விளிம்பில்தான். டூல் போன கோடு ஒன்று தங்கினால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். அதனால் விளிம்பை மழுக்கி மெருகேற்றுவோம். இன்னொன்று தடிமன். உள்ளே குழல் இல்லாத கெட்டிக் கம்பியில் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 10 மி.மீ. கம்பியை 12 ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! அதனால்தான் கம்பி மாற்றும்போது எலும்பின் உள்குழலைக் குடைந்து பெரிய சைஸ் போடுகிறார்கள்.

துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடைந்த முகத்தை லென்ஸில் பாருங்கள், விரிசல் எங்கிருந்து கிளம்பியது என்று தெரியலாம்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், மதுரை:
தம்பி, துளையைத் திட்டாதீர்கள். துளை இல்லாத காலத்தை நான் பார்த்திருக்கிறேன். 80களில் ஆபரேஷன் தியேட்டரில் கே-நெயில்தான். நெயில் என்றால் இந்த உள்கம்பிதான். ஜெர்மனியில் கீல் நகரத்து குன்ட்ஷர் 1939-இல் கொண்டுவந்தது. அங்கே போர்க் கைதிகளாக இருந்து நாடு திரும்பிய வீரர்களின் தொடை எக்ஸ்ரேயில் நீளக் கம்பியைப் பார்த்து மற்ற நாட்டு டாக்டர்கள் திகைத்துப் போனார்களாம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூவிலை மாதிரி இருக்கும், எலும்புக்குள் இறுகி நிற்கத்தான் அந்த வடிவம்.

நடுத்தொடையில் நேராக முறிந்தவர்களுக்கு அது வரம். எலும்பு தூள்தூளானவர்களுக்கு? பிடிப்பே கிடையாது. பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும், கால் குட்டையாகிவிடும். இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன், மூட்டை தூக்குகிறவன், ஒரு கால் இரண்டு அங்குலம் குறைந்து வீட்டுக்குப் போனதை இன்னும் மறக்கவில்லை. அந்த மாதிரி முறிவுக்கெல்லாம் வாரக்கணக்கில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைப்போம், முதுகில் புண் வரும். ஸ்க்ரூ போட்டுப் பூட்டும் நெயில் எங்கள் வார்டுக்கு வந்த பிறகுதான் அவர்களெல்லாம் சில நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். உங்கள் கால் நீளம் சரியாக இருக்கிறதென்றால் அந்தத் துளைதான் காரணம்.

தேனிப் பெண்:
என் அம்மாவுக்கு 74 வயது, நாலே முக்கால் அடி உயரம். இடுப்புப் பக்கம் முறிந்து நீள நெயில் வைத்தார்கள். முறிவு நன்றாகக் கூடிவிட்டது, ஆனால் முழங்காலுக்கு மேலே முன்பக்கம் ஓயாத வலி. பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தபோது நெயில் முனை எலும்பின் முன்சுவரை முட்டிக்கொண்டு நின்றது. அம்மாவின் எலும்பு வில்லாக வளைந்திருக்கிறது, நெயில் அந்த அளவுக்கு வளையவில்லை. இதை யார் முன்கூட்டியே பார்க்க வேண்டும்?

எலும்பு டாக்டர்:
தேனிச் சகோதரி சொன்னது அடிக்கடி வரும் பிரச்சினை. தொடை எலும்பின் வளைவு ஆரம் சராசரியாக 120 செ.மீ. அளவில் இருக்கும், பழைய நெயில்களில் 186 முதல் 300 செ.மீ. வரை இருந்தன. ஆரம் கூடினால் வளைவு குறையும், அதாவது எலும்பைவிட நேரானவை. குட்டையான, அதிகம் வளைந்த எலும்பில் முனை முன்னால் முட்டத்தான் செய்யும். புதிய நெயில்களில் வளைவைக் கூட்டியிருக்கிறார்கள். ஆசிய எலும்புக்கென்று மேல்பாகத்தை மாற்றியும் வந்திருக்கின்றன. ஆபரேஷனுக்கு முன்பே பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முழு எலும்பையும் பார்ப்பது எங்கள் கடமை.

தான்சானியாவில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே பல இடங்களில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் இயந்திரம்) கிடையாது, கம்பிக்குள் துளை எங்கே என்று திரையில் பார்க்க வழியில்லை. வியட்நாம் போரில் ராணுவ மருத்துவராக இருந்த லூயிஸ் ஜிர்க்கிள் 1999-இல் தொடங்கிய சைன் (SIGN) தொண்டு அமைப்பின் நெயிலைத்தான் போட்டோம். கெட்டிக் கம்பி. வெளியே கம்பியோடு இணைத்த நீளச் சட்டம் துளை இருக்கும் இடத்தைக் காட்டும். எலும்பில் ஓட்டை போட்டு ஒரு கருவியை விட்டால், அது துளைக்குள் விழுவது கையில் தெரியும். அந்த உணர்வை நம்பித்தான் ஸ்க்ரூ. முதல் தடவை கைக்கு அது புரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மலைக்கோட்டை சார், பூட்டும்போது டிரில் துளையைத் தப்பி விளிம்பில் உரசினாலும் கம்பி அங்கே பலவீனமாகும். சர்ஜன்கள் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

மலைக்கோட்டை வாசி:
எல்லோருக்கும் நன்றி. சிஸ்டரம்மா சொன்னபடி அளந்தேன், இரண்டு காலும் ஒரே நீளம். நேற்றிரவு துண்டை லென்ஸில் பார்த்தேன். உடைந்த முகத்தில் ஒரு பாதி வழவழப்பாக, அலை அலையாக இருக்கிறது, மறுபாதி சொரசொரப்பு. அலை தொடங்கும் விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். கோவைத் தம்பி, அது உங்கள் டூலா, டிரில்லா என்று எனக்குத் தெரியாது. படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.