டிஃப்யூசருக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கொளத்தூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. செடி வளர்க்கும் மீன்தொட்டிக்குக் கரியமில வாயு கொடுப்பது பற்றிய பகுதியில் நிற்கிறேன். சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டும் சமையலறையில் பழகியவை, அப்படியே விட்டுவிட்டேன். மின்சாரத்தால் வாயுவைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வை நம் பாடநூல் வழியே 'வரிச்சுருள் வால்வு' ஆக்கியாயிற்று. டிஃப்யூசர்தான் மிச்சம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் சிறு கண்ணாடிக் கிண்ணம். அதன் வாயை வெள்ளைப் பீங்கான் வில்லை ஒன்று மூடியிருக்கும். குழாயில் வரும் வாயு அந்த வில்லையின் நுண்துளைகள் வழியே கசிந்து, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குமிழிகளாக எழும். குமிழி சிறுத்தால்தான் மேலே வந்து சேரும் முன் நீரில் கரையும். வில்லையில் பாசி பிடித்தால் குமிழி பெருத்துவிடும், வாயுவில் பாதி வீணாகக் காற்றோடு போய்விடும். கடைக்காரருக்கு ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சொல்லாகத் தாருங்கள்.

மதுரையிலிருந்து:

வணக்கம். முதலில் தோன்றுவது கரைப்பான். வேதியியலில் அது சால்வென்டுக்குப் போய்விட்டது, தொட முடியாது. சிலர் உடனே 'கரைப்பி' என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மண்வெட்டி, வழிகாட்டி, ஒலிபெருக்கி, வடிகட்டி என்று கருவிப்பொருளில் வரும் இகர விகுதி, வெட்டு, காட்டு, பெருக்கு, கட்டு போன்ற உகர ஈற்று வினைகளோடு இயல்பாக ஒட்டும். துளை, அணை, கரை போன்ற ஐகார ஈற்று வினைகள் துளைப்பான், தீயணைப்பான் என்றுதான் போகும்.

குமிழிக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறதே, மொக்குள்! நாலடியார் உடம்பின் நிலையாமைக்குப் 'படுமழை மொக்குள்' என்று உவமை சொல்கிறது. மொக்குளை உண்டாக்குவது மொக்குளி. குறுந்தொகை 290ஆம் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். 'கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாகுதுமே'. அந்தத் தொடரே புலவருக்குப் பெயராகிவிட்டது. மெல்ல மெல்ல இல்லாமல் போவதுதானே இந்தக் குமிழியின் வேலை?

கோவையிலிருந்து:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் மொக்குளி என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தர ஆள் இல்லை. தொட்டிக்குள் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை எல்லோரும் கல் என்றுதான் சொல்கிறார்கள். இதையும் 'வாயுக்கல்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

கொளத்தூரிலிருந்து:

அது மட்டும் வேண்டாம். இரண்டும் எதிரெதிர் வேலை செய்பவை. ஏர் ஸ்டோன் பெரிய குமிழிகளை விட்டு நீரின் மேற்பரப்பைக் கலக்கும். அப்படிக் கலங்கினால் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியே ஓடிவிடும். அதனால்தான் பலர் பகலில் டிஃப்யூசரையும் விளக்கு அணைந்த பிறகு ஏர் ஸ்டோனையும் ஓட்டுகிறார்கள். இருட்டில் செடி இந்த வாயுவை எடுத்துக்கொள்வதில்லை, மீனைப் போலத் தானும் வெளியே விடும். அப்போதும் சிலிண்டர் திறந்திருந்தால் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். இரண்டையும் கல் என்று எழுதினால் புதிதாக வருபவர் கண்டிப்பாக மாற்றி மாட்டுவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். இங்கே பள்ளிக்கூடங்களில் டிஃப்யூஷனைப் பரவல் என்றுதான் படிப்பிக்கிறோம். பரவு தன்வினை, பரப்பு பிறவினை. பரப்பு உகர ஈறு, ஆகவே மதுரை ஐயாவின் விதிப்படியே பரப்பி வந்துவிடும். குழப்பமில்லாத சொல். தமிழ்நாட்டில் விரவல் என்றும் எழுதுகிறீர்கள். ஆனால் விரவி என்றால் பெயர் போலக் கேட்காது, வினையெச்சமாகவே கேட்கும்.

இன்னொரு விசயம். வாயுவின் பெயரைக் கொஞ்சம் துல்லியமாகப் போடலாமே. நாங்கள் காபனீரொட்சைட்டு என்கிறோம். 'ஈர்' உள்ளே இருப்பதால் மற்ற ஒட்சைட்டோடு மாறாது.

பினாங்கிலிருந்து:

இங்கே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கரிவளி. மூன்றாம் வகுப்புக் குழந்தை கூடச் சொல்லும். கையேட்டுக்கு இதைவிடச் சுருக்கம் எது? வாயு வடசொல், வளி நம்முடையது. புறநானூறு கரிகாலன் முன்னோரை 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்கிறது. காற்றை ஏவல்கொண்டு கப்பல் விட்டவனுக்குச் சொன்ன சொல்லை நாம் ஏன் விட வேண்டும்?

மதுரையிலிருந்து:

வளி என் நெஞ்சுக்கு நெருக்கமான சொல். ஆனாலும் இந்த இடத்தில் கரியமில வாயுவுக்காக வாதாடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் இதைக் 'கார்பானிக் அமில வாயு' என்றே அழைத்தார்கள், நம் சொல் அதன் வழி வந்தது. தொட்டிக்காரருக்குத் தேவையான செய்தி அந்தப் பெயருக்குள் இருக்கிறது: நீரில் கரைந்தால் அமிலம். இந்த வாயு ஏற ஏற நீரின் பிஎச் இறங்கும். கரிவளி என்றால் அந்த அமிலம் காணாமல் போகிறது. புகைக்கரியையும் கார்பன் மோனாக்சைடையும் நினைக்கவும் இடமாகிறது.

கொளத்தூரிலிருந்து:

ஐயா சொன்ன பிஎச் கணக்கு கையேட்டிலேயே இருக்கிறது. நீரின் கார்பனேட் கடினத்தன்மை ஜெர்மன் அளவில் 4, பிஎச் 6.6 என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் வாயு கரைந்திருக்கும். டிராப் செக்கர் என்ற சிறு கண்ணாடிக் குடுவை காட்டுவதும் இதைத்தான். கடினத்தன்மை 4 உள்ள நீரில் புரோமோதைமால் புளூ என்ற சாயத்தைச் சேர்த்து அதிலிட்டுத் தொட்டிக்குள் தொங்கவிட்டால், வாயு குறைவென்றால் நீலம், சரியென்றால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள். ஆகவே கரியமில வாயு என்றே வைக்கிறேன்.

கோவையிலிருந்து:

நடுவில் ஒரு வேண்டுகோள். சிலிண்டர் பக்கத்தில் மீட்டர் முள் பற்றி எழுதும்போது கவனம். உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். 20 டிகிரியில் 57 பார் அழுத்தம் காட்டும், திரவம் தீரும்வரை முள் இறங்காது. மிச்சம் எவ்வளவு என்று எடை போட்டுத்தான் அறிய வேண்டும். 31 டிகிரிக்கு மேல் திரவமே இருக்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அழுத்தம் எகிறும். 'வாயு உருளை' என்று எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து:

பரப்பி பற்றி யோசித்துப் பார்த்தேன். இலக்கணம் சரி, பொருள் சரியில்லை. தொட்டி முழுதும் பரப்புவது ஃபில்டரின் நீரோட்டம். இந்தப் பீங்கான் வில்லை செய்வது நுணுக்குவது மட்டும்தான். நுணுக்கு, அதுவும் உகர ஈறு. குமிழ்நுணுக்கி என்பதை முன்வைக்கிறேன். யாழ்ப்பாணத்தார் மைக்ரோஸ்கோப்பை நுணுக்குக்காட்டி என்று எத்தனை அழகாகச் சொல்கிறார்கள்! அவர்களுக்கே இது அந்நியமாக இராது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

உண்மைதான் ஐயா, சொல் நல்லாத்தான் இருக்கு. ஆனால் வெள்ளிக்கிழமை வருகுது. கடையில் நின்று சொல்ல நான்கெழுத்துப் பரப்பிதான் வசதி என்று நினைக்கிறேன்.

பினாங்கிலிருந்து:

பரப்பிக்கு என் ஆதரவு. கரிவளியைக் கைவிட்டதில் வருத்தம் உண்டு.

கொளத்தூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. 'பரப்பி' அச்சுக்குப் போகிறது. முதலில் வரும் இடத்தில் படத்துக்குக் கீழே டிஃப்யூசர் என்றும் போட்டுவிடுகிறேன், மாற்றி மாட்டிவிடக் கூடாது. சந்தி பற்றி ஒரே ஒரு கேள்வி: கரியமில வாயு பரப்பியா, வாயுப் பரப்பியா?

மதுரையிலிருந்து:

வாயுவைப் பரப்புவது என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாது, வாயு பரப்பி. நீர் குடித்தான் போல. ஆனால் என் வாக்கு குமிழ்நுணுக்கிக்குத்தான் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன். டிராப் செக்கருக்கு 'நிறங்காட்டி' போதுமா என்று யாருமே கேட்கவில்லையே? நிறங்காட்டி உள்ளே இருக்கும் சாயத்தின் பெயர், கண்ணாடிக் குடுவையின் பெயர் அல்ல.