16 கண் மதகின் பழைய ஷட்டர்கள்: காப்பதா, கழற்றுவதா?

காவிரிக்கரையான்: "மேட்டூர் 16 கண் மதகின் ஷட்டர்கள் 1934-ஆம் ஆண்டு இரும்பு, எடைக்குப் போட்டுவிடலாம், 214 அடி உயர அணையே நீரைத் தாங்கும்" என்று சேர்வராயன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்த மதகுதான் அணையின் உபரிநீர்ப் போக்கி. நீர்மட்டம் 100 அடியைத் தொட்டதும் நீர் அந்த ஷட்டர்களில் வந்து முட்டுகிறது. அதற்குமேல் 120 அடிவரை, அந்த வாயில்களில் நீரை மறித்து நிற்பவை அவைதாம்.

சேர்வராயன்: அணை 214 அடி, அதில் மாற்றமில்லை. முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடத்தின் பழைய மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டதை மறந்துவிட்டீர்களா?

காவிரிக்கரையான்: மறக்கவில்லை, ஆனால் நான் சொன்ன 100 அடிக்கு அது விடையன்று. 120 அடியில் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., 100 அடியில் ஏறத்தாழ 65. இடைப்பட்ட நீர் முழுவதும் அந்த ஷட்டர்களை நம்பியே நிற்கிறது. என் தந்தையார் அங்கே கிரீஸ் பூசும் வேலையில் இருந்தார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு போகும் நாள்களில், ஷட்டரின் அடிவிளிம்பில் நூல்போல் இழியும் கசிவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் சீல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தேய்ந்ததை மாற்றி ஷட்டரை வைத்துக்கொள்வதைத்தான் காப்பது என்கிறேன்.

அம்மாபேட்டையார்: நீர்த்தேக்கத்துக்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயர், உபரிநீர்ப் போக்கிக்குப் பொறியாளர் எல்லிஸின் பெயர். கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயர் எங்கே? முதலில் அதைப் பேசுங்கள்.

கொளத்தூர்வாசி: சுமந்தவர்களைப் பேசுகிறவர்கள், மூழ்கிய எங்கள் ஊர்களை மட்டும் ஏன் எப்போதும் விட்டுவிடுகிறீர்கள்? நீர் வடியும்போது பண்ணவாடியில் நந்தி தலைகாட்டுவதை வந்து படமெடுக்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

காவிரிக்கரையான்: இரண்டும் நியாயமான வருத்தங்கள், தனி இழை தொடங்குங்கள், நானும் எழுதுகிறேன். சேர்வராயன் ஐயா, 214 அடி என்பது அடித்தளத்திலிருந்து அளந்த உயரம். உபரிநீர்ப் போக்கி அணைக்கு ஒதுக்குப்புறமாக மேட்டில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஷட்டரும் 60 அடி அகலம், 20 அடி உயரம். 100 அடியைத் தாண்டிய ஒருநாளில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து பாருங்கள்.

சேர்வராயன்: நான் மேட்டூரில் மூன்றாண்டுகள் குடியிருந்தவன், எனக்கு வழிகாட்ட வேண்டாம். அணை 214 அடி.

காவிரிக்கரையான்: மூன்றாண்டுகள் இருந்தும் நீர் எதில் முட்டுகிறது என்று பார்க்கவில்லையே, அதுதான் என் வருத்தம். மறுபடியும் சொல்கிறேன்: 100 அடி.