மறு: ஆயில் செப்பரேட்டர் – திங்கக்கிழமைக்குள்ள ஒரு சொல் வேணும்

பரமக்குடி பயிற்றுநர்:
வணக்கம். டர்போ (எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற கருவி) உள்ள கார்ல ஏர் ஆயில் செப்பரேட்டர் மாட்டுறதப் பத்தி பசங்களுக்குக் கையேடு எழுதுறேன், திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும். ‘காற்று எண்ணெய்ப் பிரிப்பான்’னு போட்டேன், எனக்கே நாக்குல ஒட்டல. விஷயம் இதான்: எரிஞ்ச வாயுல கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்கு, அதாவது எஞ்சினோட அடிக்கூட்டுக்கு, இறங்கிரும், டர்போ அழுத்தம் ஏற ஏற இன்னும் கூடும். அது ஆயில் துளியையும் அள்ளிக்கிட்டு பிரீதர் ஹோஸ் (அந்த வாயு வெளியேறுற குழாய்) வழியா டர்போ வாய்க்கே போகுது, டர்போ காத்தை ஆத்துற இன்டர்கூலர் உள்ள பிசுபிசுன்னு படியுது. நேரா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் பீச்சுற எஞ்சின்னா காத்து உள்ள வர்ற இன்டேக் வால்வ்ல கரி ஏறும், கழுவிவிட பெட்ரோல் அந்தப் பக்கம் வராதுல்ல. நடுவுல இந்த டப்பாவ வச்சா ஆயில் தனியாயிரும்.

கீழக்கரை:
சார், மொதல்ல ‘காற்று’ தப்பு. உள்ள வர்றது வெறும் காத்தா? புகை, பெட்ரோல் ஆவி, நீராவி எல்லாம் சேந்தது. அப்பறம் எண்ணெய்னா எள்+நெய், அது நல்லெண்ணெய்க்கு மட்டுந்தான். தேங்காய் எண்ணெய்ங்கிறதே எள்ளுக்குச் செய்ற துரோகம். ‘நெய்’தான் மூலம். நெய்ப்பு, நெய்த்தோர், ஏன் நம்ம நெய்தலே அதுலேர்ந்துதான். ஆக ‘நெய்வளிப் பிரிகலன்’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் நிக்கும்.

பாம்பன்:
கீழக்கரை காக்கா, நெய்னு போட்டா பசங்க பிரியாணி சட்டியத் தேடுவானுங்க. ரிங்கைத் தாண்டி வாயு இறங்குறத இங்க போட் மெக்கானிக்கு ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ன்னு சொல்லுவாரு, எல்லாருக்கும் புரியும். ரிங்கு தேஞ்ச எஞ்சின்ல எந்த டப்பா மாட்டியும் புண்ணியமில்ல, அதையும் எழுதுங்க சார். பேரு ‘ஆயில் பிரிப்பான்’ போதும்.

முதுகுளத்தூர் தமிழாசிரியை:
ஆயில் வேண்டாமே தம்பி. மண்ணெண்ணெய்ல யாரு எள்ளைத் தேடுறா? எண்ணெய் பொதுப்பெயராகி எவ்வளவோ காலமாச்சு. நெய்தல் ஒரு பூ, அத விட்டுருங்க. ‘ஆன்’ ஈறு ஆண்பாலுக்குத்தானேன்னு யாராவது கெளம்புறதுக்குள்ள சொல்லிர்றேன், கருவிப்பேருக்கும் வரும். நாலடியார்ல நீரை ஒழிச்சுப் பாலைக் குடிக்கிற குருகு இருக்கே, ‘குருகி’ன்னு வச்சா என்னன்னு ஒரு ஆசை. சரி, விட்டுட்டேன்.

பரமக்குடி பயிற்றுநர்:
குருகி வேணாம் டீச்சர். என் சிக்கல் வேற. கேட்ச் கேன்னு ஒண்ணு இருக்கு, அது பிடிச்ச ஆயில உள்ளயே வச்சுக்கும், நாமதான் அப்பப்ப கழட்டி ஊத்தணும். செப்பரேட்டர் அத எஞ்சின் அடியில ஆயில் தேங்குற சம்ப்புக்கே திருப்பி அனுப்பும். ரெண்டுத்துக்கும் ஒரே பேர் போட்டா பையன் கேட்ச் கேன மாட்டிட்டு ஊத்தாம விட்டுருவான், நெறஞ்சா அத்தனையும் இன்டேக்குக்குப் போகும். திரும்புற ஹோஸ் இறக்கமா வரணும், தொங்கி வளைஞ்சா ஆயில் அங்கயே நிக்கும். ஆயில் தாங்காத சாதா ஹோஸ் ஊதிப்போயிரும். சில செப்பரேட்டர்ல எஞ்சின் சூட்டை ஏந்தி வர்ற கூலன்ட் சுத்தி வரும், சூடு இருந்தா நீராவி தண்ணியாகி ஆயிலோட மோராட்டம் கலக்காது. கடல்காத்து ஈரம்னு நெனக்காதீங்க, பெட்ரோல் எரிஞ்சாலே தண்ணி வரும். உப்புக்காத்துக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் கிளிப் போடுங்க, அது நியாயம். கூலன்ட் ஹோஸ் வெட்டுறது எஞ்சின் ஆறுன பிறகு, மாட்டி முடிச்சு உள்ள அடைஞ்ச காத்தையும் வெளியேத்தணும்.

பாம்பன்:
அப்ப ஒண்ணு பிடிகலன், இன்னொண்ணு மீள்கலன். ஆயில் எங்க போகுதுன்னு பேருலயே தெரியும்ல.

முதுகுளத்தூர் தமிழாசிரியை:
மீள்கலன்னா மீளுறது கலன், எண்ணெய் இல்ல. மீட்புக்கலன்னு மாத்துனா மண்டபம் ஊர்லேர்ந்து கோஸ்ட் கார்டு கப்பல் வருதுன்னு நெனப்பாங்க.

பரமக்குடி பயிற்றுநர்:
முடியல. கேட்ச் கேனுக்கு ‘எண்ணெய்ப் பிடிகலன்’, செப்பரேட்டருக்கு ‘எண்ணெய்ப் பிரிப்பான்’, பக்கத்துல ‘சம்ப்புக்குத் திரும்பும்’னு ஒரு படம். யாருக்காவது ஆட்சேபணையா?

பாம்பன்:
இல்ல சார்.

முதுகுளத்தூர் தமிழாசிரியை:
ஒற்று மட்டும் விட்டுறாதீங்க.

கீழக்கரை:
எனக்கு இருக்கு. பிடின்னா பெண்யானையும் தானே? நெய்வளிய அடிக்குறிப்புலயாவது போடுங்க, மத்த விளக்கம் ராத்திரி எழுதுறேன்.